உப்பில்லா மலை

நீலகிரியைப் பற்றி எழுத உட்காருகிற கதாசிரியர்களுக்கு மூடுபனி ஒரு பெரிய வரப்பிரசாதம். கதாநாயகியைப் பனியில் மறைத்து வைக்கலாம். வேண்டியபோது வெளியே கொண்டு வரலாம். யூகலிப்டஸ் மரங்களும், தேயிலைச் சரிவுகளும், மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு ஏறிவரும் ரயிலும் கதைக்கு மிகவும் தோதானவை. நானும் அவற்றையெல்லாம் வேண்டிய மட்டும் பயன்படுத்திக் கொண்டவன்தான். ஆனால் இன்றைக்கு அந்த மலையில் இருப்பதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அங்கே இல்லாத ஒரு பொருளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்தப் பொருள் உப்பு.

உப்பு என்றால் நாம் சாப்பாட்டில் போட்டுக்கொள்ளும் உப்பு மட்டும் அல்ல. சோடியம், சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம் என்று மண்ணில் கரைந்து கிடக்கும் சத்துக்கள் அனைத்தையும் சேர்த்தே சொல்கிறேன். நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட் என்ற மிகப் பழைய பாறை. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகையைச் சேர்ந்தது. அதனால்தான் அந்தப் பெயர். கல்லறைக்கு ஆன கல்லானாலும் மழைக்கு முன்னால் அது நிற்கவில்லை. மலையின் மேற்குப் பக்கத்தில் மழை எப்படிக் கொட்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2019 ஆகஸ்ட் மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சமவெளியில் பல ஊர்களுக்கு அது ஒரு வருஷத்து மழை!

இப்படிப் பல யுகங்களாகப் பெய்த மழை பாறையைக் கரைத்து, கரையக்கூடிய சத்துக்களை ஓடைகளில் அடித்துக்கொண்டு போய்விட்டது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் பின்தங்கின. மலைமண்ணில் நாம் பார்க்கிற சிவப்பு அந்த இரும்பின் சிவப்பு. சத்துக்கள் போன இடத்தில் புளிப்பு வந்து உட்கார்ந்தது. மண்ணிலே புளிப்பா என்று நீங்கள் கேட்கலாம். ரசாயனக்காரர்கள் பாஷையில் அமில மண் என்பதைத்தான் நம் பாஷையில் புளித்த மண் என்கிறேன்.

இந்த உண்மையை ரசாயனக்காரர்கள் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே மலையில் சிலர் தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்களில் முதன்மையானவை எருமைகள்.

தோடர்களின் வாழ்வே எருமைகள்தாம். அவர்களுடைய பால்மனை கோயிலுக்குச் சமானம். பால் கறப்பவர் பூசாரிக்குச் சமானம். 1906-ல் தோடர்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்ட ரிவர்ஸ் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், எருமைகளுக்கு உப்புக் கொடுப்பதற்கென்றே தனிச் சடங்குகள் இருந்ததை விவரித்திருக்கிறார். தரையில் குழி வெட்டி, நீர் விட்டு, உப்பைக் கரைத்து எருமைகளைக் குடிக்கச் செய்வார்கள். படகர்களும் தங்கள் மாடுகளுக்கு உப்புநீர் ஊட்டுவதை ஒரு திருநாளாகவே கொண்டாடி வருகிறார்கள். உப்பு ஹப்பா என்பது அதன் பெயர். ஹப்பா என்றால் அவர்கள் மொழியில் பண்டிகை.

பொங்கலும் தீபாவளியும் கொண்டாடும் நமக்கு உப்புக்கு ஒரு பண்டிகையா என்று விந்தையாகத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் விந்தை ஒன்றுமில்லை. மலைப் புல்லில் உப்புச் சத்து குறைவு. மண்ணில் இல்லாதது புல்லில் எப்படி வரும்? கறவை மாடு பாலின் வழியே தினமும் உப்பை இழந்துகொண்டே இருக்கிறது. அந்தக் குறையைக் கீழேயிருந்து உப்பைக் கொண்டு வந்துதான் ஈடு செய்தாக வேண்டும். எந்தப் பொருள் அருமையோ அதற்குத்தான் மனிதன் திருநாள் வைப்பான்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? கடற்கரையிலிருந்து வந்தது. சங்க காலத்தில் உமணர் என்ற உப்பு வணிகர்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனதைப் பழம்பாடல்கள் சொல்கின்றன. பிறகு கம்பெனியார் வந்தார்கள். 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தங்கள் ஏகபோகம் ஆக்கிக் கொண்டார்கள். கடல் எல்லோருக்கும் பொது, வெயிலும் பொது, இரண்டும் சேர்ந்து விளைவித்த உப்பு மட்டும் சர்க்காருக்குச் சொந்தம்! அந்த வரி 1947 வரை ஏதாவது ஓர் உருவத்தில் நீடித்தது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது மனிதர்களின் கஞ்சிக்கு வேண்டிய உப்புக்காக என்றுதான் நாம் படித்திருக்கிறோம். மலைமேல் எருமைகள் குடித்த உப்புநீரும் விலை கொடுத்து வாங்கிய உப்பிலிருந்து வந்ததுதான். வேதாரண்யம் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்; வேறு காரணத்துக்காக.

இனி மண்ணின் கதைக்கு வருவோம். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார். மலையின் குளிர் அவருக்குத் தம் நாட்டை நினைவூட்டியது. அதுவரை கேழ்வரகும் சாமையும் கொரலியும் விளைந்த மண்ணில் உருளைக்கிழங்கும் மற்ற ஐரோப்பியக் காய்கறிகளும் வந்து சேர்ந்தன. பழைய முறையில் ஒரு கொல்லையில் சில போகம் பயிர் செய்துவிட்டு, மண் களைத்ததும் அதைத் தரிசாகப் போட்டுவிட்டு அடுத்த கொல்லைக்குப் போவார்கள். மண் மெல்லத் தேறிக்கொள்ளும். புதிய பயிர்களும் சந்தையும் வந்த பிறகு மண்ணுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1899-ல் ரயில் குன்னூருக்கும், 1908-ல் உதகைக்கும் வந்தது. கிழங்கு மூட்டைகள் இறங்கின. உர மூட்டைகள் ஏறின.

தேயிலை மட்டும் இந்த மண்ணோடு சண்டை போடவில்லை. தேயிலைச் செடிக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். ரசாயனக்காரர்களின் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு. தேயிலைக்கு நாலரை முதல் ஐந்தரை வரை உகந்தது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து மற்றப் பயிர்களின் வேரைக் குட்டையாக்கிவிடும். தேயிலையோ அந்த அலுமினியத்தை உறிஞ்சித் தன் முதிர்ந்த இலைகளில் ஒதுக்கி வைத்துக்கொண்டு தளிரை விட்டுக்கொண்டே இருக்கும். விஷத்தையும் கண்டத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்த செடி!

ஆனால் கோஸும் காரட்டும் பீட்ரூட்டும் அத்தனை சாமர்த்தியம் உள்ளவை அல்ல. அவற்றுக்காகப் போடும் உரமே மண்ணை இன்னும் புளிக்க வைக்கிறது. இதன் ரகசியம் இங்கிலாந்தில் 1840-களிலேயே வெளிப்பட்டது. யார்க்ஷையரில் தாம்ஸன் என்ற நிலச்சுவான்தார், உரம் மழையில் வீணாகிப் போகிறதா என்று அறிய விரும்பினார். ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். கீழே வடிந்த நீரைச் சோதித்தபோது அதில் அம்மோனியா அநேகமாக இல்லை. அதற்குப் பதிலாக ஜிப்சம் வந்திருந்தது. அதாவது மண் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்துவிட்டது. வே என்ற ரசாயனப் பேராசிரியர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1850-ல் வெளியிட்டார். மண் சும்மா கிடக்கும் தூசி அல்ல. அது ஒரு கடைக்காரன். ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுக்கிறது என்று உலகம் அறிந்துகொண்டது.

யார்க்ஷையரில் அந்தக் குழாயில் நடந்ததுதான் இன்று நீலகிரியின் ஒவ்வொரு படிவயலிலும் நடக்கிறது. ஒவ்வொரு மூட்டை அம்மோனியா உரமும் மண்ணிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தை வெளியே தள்ளுகிறது. மழை அதை அடிவாரத்துக்கு எடுத்துச் சென்றுவிடுகிறது. பிறகு உழவர் என்ன செய்வார்? கீழேயிருந்து சுண்ணாம்பை விலைக்கு வாங்கி மேலே ஏற்ற வேண்டியதுதான். மலையில் சுண்ணாம்புக்கல் கிடையாது. ஒரு காலத்தில் எருமைக்கு உப்பு ஏறியது போல இப்போது மண்ணுக்குச் சுண்ணாம்பும் டாலமைட்டும் லாரியில் ஏறுகின்றன.

உதகைக்கு அருகில் ஒரு படகர் கிராமத்தில், கோஸ் தோட்டத்து ஓரத்தில் வெள்ளைப் பொடி மூட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்து, அங்கிருந்த பெரியவரிடம் விசாரித்தேன்.

"சுண்ணாம்புங்க. இந்த மண்ணுக்கு இது இல்லாட்டி ஆகாதுங்க" என்றார்.

"எவ்வளவு போடுவீர்கள், ஐயா?"

"மண்ணைக் கேட்டுத்தான் போடணும். உருளைக்கிழங்கு வைக்கிற வருஷம் அதிகமாப் போட்டா கிழங்கு மேலே சொறி வந்துடும். கோஸுக்குப் போடாட்டி வேர் வீங்கிப் போகும். நம்ம இஷ்டத்துக்குப் போட முடியாதுங்க."

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக் கூட மிகை இல்லை. கிழங்கில் சொறி உண்டாக்கும் கிருமிக்குப் புளிப்புப் பிடிக்காது. சுண்ணாம்பால் புளிப்பு நீங்கினால் அது தலைதூக்கும். கோஸின் வேரை வீங்கவைக்கும் கிருமிக்கோ புளிப்புத்தான் பிடிக்கும். ஒரே நிலத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறவர் இரண்டு எதிரிகளுக்கு நடுவே நடக்கவேண்டியிருக்கிறது. "மண்ணைக் கேட்டுத்தான் போடணும்" என்ற அந்த வார்த்தையை நான் குறித்து வைத்துக்கொண்டேன். பெரிய பெரிய நூல்களின் சாரம் அதில் இருக்கிறது.

நிற்க. மலையிலிருந்து இறங்கிப் போன உப்பெல்லாம் எங்கே போயிற்று? குன்னூர் ஆறும் மோயாறும் பவானியில் கலக்கின்றன. பவானி காவிரியில் கலக்கிறது. பெரும்பகுதி கடலுக்குப் போகிறது. ஆனால் வழியில் வாய்க்காலில் திரும்பி வயலுக்குள் நுழையும் நீரும் துளித்துளியாக உப்பைச் சுமந்துகொண்டுதான் நுழைகிறது. வயல் நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. வடிகால் இல்லாத இடத்தில் அது ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். மலைக்கு உப்பில்லாத நோய் என்றால் சமவெளிக்கு உப்பு மிகுந்த நோய்.

தமிழர்கள் இந்த நோய்க்கு வெகுகாலத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்றல்ல, இரண்டு பெயர்கள்: உவர், களர். உவர் நிலத்தில் உப்புக் கரைந்து கிடக்கும்; வெயிலில் வெள்ளையாகப் பூக்கும். நல்ல நீர் விட்டு அலசி, வடித்துவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும். களர் வேறு ஜாதி. அங்கே சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு அதைக் குழைத்துவிடுகிறது. மண்ணின் துவாரங்கள் அடைபட்டுப் போகும். மழை பெய்தால் நீர் இறங்காமல் நிற்கும். காய்ந்தால் மண் கல்லாகும். அதை வெறும் நீர் விட்டு அலசுவது, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவதற்குச் சமம்.

கல்லாதவர்களை வள்ளுவர் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார். நிலம் என்று பெயர். ஆனால் விளைச்சல் இல்லை. அவர் காலத்துக்கு அந்த உவமை முற்றிலும் பொருத்தம். களரைத் திருத்த வழி உண்டு என்று இன்று தெரிந்துவிட்டது. உவமையின் மறுபக்கமும் அப்படியே பலித்திருக்கிறது: கல்லாதவர்களையும் கற்பிக்கலாம் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம் அல்லவா?

களருக்கு மருந்து என்ன? இங்கேதான் கதையில் ஒரு வியப்பு. மலையின் புளிப்புக்கும் சமவெளியின் களருக்கும் நோய் நேர் எதிர். மருந்தின் சத்து ஒன்றே. இரண்டுக்கும் சுண்ணாம்புச் சத்துத்தான் மருந்து; அனுபானம் மட்டும் வேறு. மலைக்குச் சுண்ணாம்பாகவும் டாலமைட்டாகவும் போடுகிறோம். அது புளிப்பை முறிக்கிறது. களருக்கு அதே சத்தை ஜிப்சமாகப் போடுகிறோம். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து களிமண்ணோடு ஒட்டிய சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. குழைந்த மண் மீண்டும் பொலபொலவென்று ஆகிறது. கதவு திறந்ததும் நீர் உள்ளே இறங்கி, விடுபட்ட சோடியத்தை வடிகாலுக்குக் கொண்டுபோகிறது. அன்று தாம்ஸன் குழாயில் கண்ட அதே கொடுக்கல் வாங்கல்தான், வேறு சரக்குகளோடு!

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் உவர் நிலங்களை ஆராய்ந்த ஹில்கார்ட் என்ற பேராசிரியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜிப்சத்தைச் சிபாரிசு செய்தார். நம் நாட்டில் 1854-ல் கங்கைக் கால்வாய் திறக்கப்பட்டது. கால்வாய்ப் பாசனம் பரவிய சில இடங்களில் நிலம் வெள்ளை பூக்க ஆரம்பித்தது, உழவர்கள் முறையிட்டார்கள், கமிட்டிகள் உட்கார்ந்தன. கடைசியில் சர்க்கார் விவசாய ரசாயன நிபுணரான லெதர் 1914-ல் தம் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். முடிவின் சுருக்கம் இதுதான்: ஜிப்சம் நிலத்தைத் திருத்துகிறது, ஆனால் செலவு கட்டுபடியாகாது.

இந்த ஒரு வாக்கியத்தில் இந்திய உழவனின் வரலாறு அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மருந்து தெரிந்துவிட்டது, நோயாளிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சுதந்திரம் வந்து, 1969-ல் ஹரியாணாவின் கர்னாலில் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. மானிய விலையில் ஜிப்சம் கிடைத்தது. அதன் பிறகுதான் பஞ்சாப், ஹரியாணா, உத்தரப் பிரதேச மாநிலங்களில் 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல் களர் நிலம் திருந்தி நெல்லும் கோதுமையும் விளைந்தன. நிபுணரின் அறிக்கைக்கும் உழவரின் வயலுக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. அந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்கள் நிலத்தை விட்டுவிட்டுக் கூலிக்குப் போயினவோ!

தமிழ்நாட்டுக்கு இந்த மருந்து உள்ளூரிலேயே இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கடலுக்கு அடியில் கிடந்தது. அங்கே இன்றும் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடப்பதைக் காணலாம். பிளான்ஃபோர்டு என்பவர் 1862-லேயே அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். காரை, ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண்ணில் ஜிப்சம் பாளம் பாளமாகப் படிந்திருக்கிறது. பழைய கடலின் எச்சம், புதிய உப்புக்கு மருந்து. திருச்சிக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்து ஆராய்ச்சிக்குப் பேர் பெற்றது. களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 முதலிய நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

இந்த அறிவெல்லாம் பெரும் பரீட்சைக்கு உள்ளான நாள் 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரத்தின் முன்னால் பயிர் பச்சையைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருந்த நாட்கள் அவை. ஆனால் உயிரோடு மிஞ்சியவர்கள் சாப்பிட வேண்டுமே! கடல்நீர் வயல்களில் ஏறி நின்றுவிட்டது. ராஜாஜி உப்பு அள்ளப் போன வேதாரண்யத்தை உள்ளடக்கிய அந்த மாவட்டத்து வயல்களில், எவரும் கேளாமலே உப்பு வந்து படிந்தது. கிணறுகளும் குளங்களும் உவர்த்தன.

அப்போது செய்த வைத்தியம் சாதாரணமானது. ஆனால் பொறுமையோடு செய்தது. மேலே படிந்த கடற்சேற்றை வாரி அப்புறப்படுத்தினார்கள். தேவையான இடங்களில் ஜிப்சம் போட்டார்கள். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். உப்பைத் தாங்கி வளரும் தக்கைப்பூண்டின் வேர் மண்ணைத் துளைத்து நீருக்கு வழி விடுகிறது. அழுகும்போது மண்ணை இளக்குகிறது. இயற்கை வேளாண்மைக்காக வாழ்ந்த நம்மாழ்வார் போன்றவர்களும் உழவர்களோடு நின்றார்கள். 2005-ன் வடகிழக்குப் பருவமழை தாராளமாகப் பெய்து உதவியது. இனி எத்தனையோ ஆண்டுகளுக்கு விளையாது என்று பலர் அஞ்சிய நிலங்களில் பலவற்றில் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மீண்டும் நெல் தலை சாய்த்தது.

சுண்ணாம்புச் சத்து மண்ணை மட்டும் திருத்துவதில்லை. செடிக்கே துணிவு கொடுக்கிறது. 1969-ல் கலிபோர்னியாவில் எப்ஸ்டைன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாவும் அவரைச் செடிகளைக் கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு உப்புள்ள நீரில் வைத்துப் பார்த்தார்கள். சுண்ணாம்புச் சத்து இல்லாத நீரில் செடிகள் நலிந்தன. போதிய அளவு அது சேர்ந்த நீரில், உப்பு அப்படியே இருந்தும், செடிகள் தாக்குப் பிடித்தன. வேரின் வாயிலில் அந்தச் சத்து காவல்காரனைப் போல நின்று, வேண்டிய பொட்டாசியத்தை உள்ளே விடுகிறது. வேண்டாத சோடியத்தைத் தடுக்கிறது. வாயிற்காப்போன் இல்லாத கோட்டைக்குள் எதிரி நுழைவதற்குப் பெரிய படை எதற்கு?

மலைக்கு ஒரு கடைசி வார்த்தை சொல்ல வேண்டும். சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தபோது நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பல்லாயிரம் பேர். தேயிலைக்குப் புளிப்புப் பிடிக்கும் என்றாலும் அளவுக்கு மேல் புளித்தால் அதுவும் தளர்ந்துவிடும். அதனால் கவாத்துச் சமயத்தில் டாலமைட் போட வேண்டும். இலைக்கு விலை இல்லாத வருஷத்தில் அவர் முதலில் நிறுத்துவது எதை? இன்றைக்கே பலன் தராத அந்த டாலமைட்டைத்தான். மண் புகார் செய்யாது. மெல்ல மெல்ல விளைச்சலைக் குறைத்துக்கொள்ளும். லெதர் 1914-ல் எழுதிய வாக்கியம் இன்னமும் மலைச் சரிவுகளில் வேறு உருவத்தில் உலவிக்கொண்டிருக்கிறது.

2015 முதல் மண்வள அட்டை என்று ஒன்றை அரசு உழவர்களுக்கு வழங்கி வருகிறது. அதில் மண்ணின் புளிப்பும் உப்பும் எண்களாக எழுதப்பட்டிருக்கும். நல்ல காரியம். உதகையில் 1954 முதல் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையமும் இருந்து வருகிறது. மண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று வழி இருக்கிறது. அது கேட்பதை வாங்கிக் கொடுக்கிற வசதியும் உழவர் கையில் இருக்கவேண்டும். மற்றது அவருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

மார்க்கெட்டில் ஊட்டிக் காரட்டைப் பேரம் பேசி வாங்கும்போது, அந்தக் காரட்டோடு மலையின் சுண்ணாம்புச் சத்தில் ஒரு சிட்டிகையும் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அந்த ஒரு சிட்டிகையை யாரோ ஒருவர் மறுபடியும் மேலே ஏற்றியாக வேண்டும். அதற்கான கூலியும் சேர்ந்ததுதான் காரட்டின் விலை.